ஹல்துமுல்லைக்கு வந்த வெளிநாட்டுக் கல்

கல்லை இறக்குமதி செய்திருந்தார்கள். முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பிறகு நடந்ததற்கெல்லாம் நான் ஒருவன்தான் காரணம் என்று நினைத்துவிடுவீர்கள்.

ஹல்துமுல்லைக்கு மேலே, ஒரு காலத்தில் பெரிய துரை குடியிருந்த தோட்டத்துப் பங்களா இப்போது வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் ஹோட்டல். அங்கே சவுனா ஒன்று போடுகிறோம், மின்சார வேலைக்கு வா என்று கூப்பிட்டார்கள். போனேன். பின்பக்கத்துச் சாமான் அறையில் மூன்று பெட்டிகள் இருந்தன. ஒன்றில் மின்சார ஹீட்டர். இன்னொன்றில் அதற்கான சுவிட்சுப் பெட்டி. மூன்றாவதை என்னால் அசைக்கவே முடியவில்லை. திறந்து பார்த்தால் கல். கைக்கு அடங்குகிற அளவில் உடைத்த கருங்கல். கப்பலேறி வந்திருக்கிறது.

எங்கள் ஊவா மலையில் மண்வெட்டியை எங்கே போட்டாலும் கல்லில்தான் படும். தேயிலை வைத்தவர்கள் முதலில் தோண்டி எடுத்தது கல்லை. மண் சரியாமலிருக்க வரிசை வரிசையாக அடுக்கிக் கட்டியதும் அதே கல்லை. இந்த ஊருக்குக் கல் அனுப்பியவன் நுவரெலியாவுக்குக் குளிரையும் பார்சல் பண்ணுவான் என்று சொல்லிச் சிரித்தேன். பங்களாவில் வேலை செய்த எல்லோரும் ஒவ்வொருவராக வந்து அந்தக் கல்லை எடுத்துப் பார்த்துவிட்டுப் போனார்கள். தோட்டக்காரர் ஒன்றை நக்கிக்கூடப் பார்த்தார்.

சவுனா என்றால் என்ன என்று அன்றுதான் நானும் தெரிந்துகொண்டேன். பலகை அடித்த சின்ன அறை. மூலையில் ஹீட்டர். அதன் மேல் கல். கல் சூடேறி, அறை முழுக்கக் காய்ந்து, உள்ளே ஆட்கள் துண்டைக் கட்டிக்கொண்டு பலகைப் படியில் உட்கார்ந்து வியர்ப்பார்கள். இடையிடையே கல்லின் மேல் ஒரு கரண்டி தண்ணீர் விடுவார்கள். பிறகு வெளியே ஓடிப்போய்ப் பச்சைத் தண்ணீரை ஊற்றிக்கொள்வார்கள். வியர்க்கத்தான் வேண்டுமென்றால் பஸ் ஏறி, மலைக்குக் கீழே வெயில் கொளுத்துகிற வெல்லவாயவில் இறங்கி மத்தியானம் பத்து நிமிடம் நின்றால் போதாதா? இந்தக் கேள்வி எனக்கு ஒரு வாரம் முழுக்க இருந்தது. ஆனால் கேள்வியோடு சேர்ந்து ஆசையும் வந்துவிட்டது. அந்தக் கல்லுக்குள் என்னதான் நடக்கிறது என்று பார்த்தே ஆக வேண்டும் போலிருந்தது.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். வீடு ஹாலிஎலவில். தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் பதினைந்து வருடம் மின்சார வேலை பார்த்தேன். அதன்பின் பதுளையைச் சுற்றி யார் கூப்பிட்டாலும் போவேன். தைரியசாலி என்று பெயர். அந்தப் பெயர் எப்படி வந்தது என்று எனக்கே தெரியாது. மோட்டார் வழக்கத்துக்கு மாறாகச் சத்தம் போட்டால் நான் முதலில் பார்ப்பது வாசலை. பிறகுதான் மோட்டாரை.

இனி மச்சான். என் மனைவியின் அண்ணன். அவருக்கு நான் மாப்பிள்ளை. கலியாணமாகி இருபத்திரண்டு வருடமாகியும் அந்தப் பதவியிலிருந்து அவர் என்னை இறக்கவில்லை. அதே தொழிற்சாலையில் அவர் ட்ரையர்காரர். நொதித்து வருகிற கொழுந்தைச் சூட்டுக் காற்றில் காயவைத்துத் தூளாக அனுப்புகிற இயந்திரம் அவர் பொறுப்பில் இருந்தது. சூடு கூடினால் தூள் கருகும். ஈரம் வெளியே போகாவிட்டால் காயாமல் வெந்து கிடக்கும். வெப்பமானி இருக்கத்தான் செய்தது. தன் மூக்கு சொன்னது சரியா என்று பார்க்க மட்டும் அவர் அதை எட்டிப் பார்ப்பார்.

தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். அதன்பின் மச்சான் வீட்டில் காயவைக்கக்கூடிய எல்லாவற்றையும் காயவைக்கத் தொடங்கினார். மிளகாய், மல்லி, பிள்ளைகள் பள்ளிக்குப் போட்டுப் போகிற சப்பாத்து, நனைந்த பாடக் கொப்பி. அடுப்படிக்குள் நின்று ரொட்டியை எப்போது திருப்ப வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்த அன்று, அவர் மனைவி எனக்குப் போன் போட்டார். "இந்த மனுசனுக்கு எங்கயாச்சும் ஒரு வேல பாத்துக் குடுங்க தம்பி. இல்லாட்டி அடுத்து என்னையத்தான் காயப்போடுவாரு."

பங்களாவின் மேனேஜர் பண்டாரவளைக்காரி. எல்லோருக்கும் அவர் மேடம். சிரிக்கிற மாதிரித்தான் பேசுவார், ஆனால் சொன்னால் சொன்னதுதான். சவுனாவைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும் என்றார். சூட்டை மூக்கால் அளக்கிற ஆள் ஒருவர் இருக்கிறார் என்றேன். மேடம் யோசித்துவிட்டு, சனிக்கிழமை சவுனாவுக்கு முதல் விருந்தாளிகள் வருகிறார்கள், அதுவரை வந்து பழகட்டும், அன்று ஒழுங்காகச் செய்தால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் கொழும்பிலிருந்து பயிற்சி பெற்ற ஆளை அனுப்பச் சொல்லிவிடுவேன் என்றார். மச்சான் திங்கட்கிழமை காலை தலை வாரி, சட்டையை இஸ்திரி போட்டு, பொண்ணு பார்க்கப் போகிறவர் மாதிரி வந்து நின்றார். ஐம்பத்தாறு வயதில் இன்னொரு வேலை இனிக் கிடைக்காது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஹீட்டரோடு ஒரு சின்னப் புத்தகம் வந்திருந்தது. அதில் இந்தக் கல்லைத்தான் போட வேண்டும், வெளியில் பொறுக்கிய கல்லைப் போடாதே என்று எழுதியிருந்தது. கல் விற்கிறவன் அப்படித்தானே எழுதுவான் என்று நினைத்தேன். மச்சான் அப்படி நினைக்கவில்லை, ஆற்றுக் கல்லுக்குள் தண்ணீர் இருக்கும் என்றார். கல்லுக்குள் தண்ணீரா என்று கேட்டுவிட்டு, பங்களாவுக்குக் கீழே ஓடுகிற ஓடையிலிருந்து வழுவழுப்பான கல் ஒன்றைக் கொண்டுவந்து சாப்பாட்டு அறையின் கணப்பு நெருப்பில் வைத்தேன். கால் மணி நேரம் ஒன்றும் ஆகவில்லை. பார்த்தீர்களா மச்சான் என்று திரும்பினேன். கல் வெடித்தது. துண்டு ஒன்று பறந்து போய்ப் பூச்சாடியில் பட்டது. மச்சான் நாற்காலியிலிருந்து அசையவே இல்லை. நான் மேசைக்கடியிலிருந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எப்போது அங்கே போனேன் என்று நினைவில்லை.

அன்றிலிருந்து அந்தப் புத்தகத்தின் மேல் எனக்குப் பெரிய பக்தி. ஆனால் பக்தி வேறு, முழுதாக வாசிப்பது வேறு.

மின்சார வேலையை நான் சரியாகவே செய்தேன். அதில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது. மெயின் போர்டிலிருந்து த்ரீ பேஸில் இதற்கென்றே தனி லைன் இழுத்து, அதற்குத் தனி பிரேக்கரும் எர்த்தும் கொடுத்தேன். சுவிட்சுப் பெட்டியை அறைக்கு வெளியே மாட்டினேன். ஹீட்டருக்குள் போகிற கடைசித் துண்டுக்குச் சாதாரண வயர் போட்டால் மேலுறை உருகிவிடும் என்பதால், சூடு தாங்குகிற வயரை பதுளைக் கடைகளெல்லாம் ஏறி இறங்கித் தேடி வாங்கிப் போட்டேன். ஹீட்டருக்கும் பலகைச் சுவருக்கும் நடுவே எவ்வளவு இடம் விட வேண்டுமோ அதை மூன்று முறை அளந்தேன். யாரும் கால் தடுக்கி அதன்மேல் விழாதபடி சுற்றி மரவேலி. கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், கொண்டியே இருக்கக் கூடாது. மயங்கிச் சரிகிறவன் சாய்ந்தாலே அது திறந்துகொள்ள வேண்டுமாம். இதை வாசித்தபோது, எவ்வளவு யோசித்திருக்கிறார்கள் என்று எனக்கு ஒரு மரியாதையே வந்தது.

பிறகு கல் அடுக்கினேன். அங்கேதான் எனக்குள் இருந்த தோட்டத்துக்காரன் எழும்பினான். எங்கள் மலையில் கல்லுக்கட்டு என்றால் அதற்கு ஒரு கௌரவம் உண்டு. சிமெந்து கிடையாது. கல்லோடு கல்லைப் பொருத்தி, இடுக்கில் சில்லு வைத்துத் தட்டி, எறும்பு நுழைய இடமில்லாமல் கட்டுவார்கள். அடைமழைக்கும் அசையாது. சின்ன வயதில் அதைப் பார்த்து வளர்ந்தவன் கல்லைத் தொட்டால் கை வேறெப்படிப் போகும்? சூடேறுகிற எலிமென்ட் கம்பிகளுக்கு நடுவே ஒவ்வொரு கல்லாகத் திருப்பித் திருப்பிப் பொருத்தி இறுக்கினேன். மிச்சமிருந்த சில்லையெல்லாம் இடுக்கில் அடைத்தேன். முடித்துவிட்டுக் கையால் தள்ளிப் பார்த்தேன். ஒரு கல் ஆடவில்லை. போட்டோ எடுத்து மனைவிக்கும் அனுப்பினேன்.

இன்னொரு வேலையும் செய்தேன். தச்சு வேலை செய்த பாஸ் சுவரில் இரண்டு ஓட்டைகளை விட்டுவிட்டுப் போயிருந்தார். ஒன்று ஹீட்டருக்குப் பின்னால் தரைப்பக்கம். மற்றது எதிர்ச்சுவரில், பலகைப் படிக்குக் கீழே. ஹல்துமுல்லைக் காற்று அதன் வழியே விசிலடித்துக்கொண்டு வந்தது. சூடாக்க வேண்டிய அறையில் ஓட்டையை விட்டுப் போன அந்த மனிதரின் அசிரத்தையைத் திட்டிக்கொண்டே, இரண்டுக்கும் அளவாகப் பலகை வெட்டி ஆணி முடுக்கி அடைத்தேன்.

மச்சான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "மாப்பிள்ள, இதுக்கு மூச்சு எங்க?" என்று கேட்டார்.

"இது ஒங்க ட்ரையர் இல்ல மச்சான். இது வேற."

அவர் நான் அடைத்த பலகையை ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்தார். புது வேலைக்கு வந்தவர். வாங்கிக் கொடுத்தவன் நான்.

புதன்கிழமை முதல் தடவை சூடேற்றினோம். உள்ளே நின்று பார்க்கலாமென்று ஆசை. பத்து நிமிடத்தில் ஒரு நாற்றம் வந்தது. பிறகு மெல்லிய புகை. இருபது வருட அனுபவம் அத்தனையும் தலையை விட்டு இறங்கிப் போனது. கதவுக்குப் பாய்ந்து இழுத்தேன். திறக்கவில்லை. இன்னும் பலமாக இழுத்தேன். மச்சான் பின்னாலிருந்து வந்து ஒற்றை விரலால் தள்ளினார். திறந்தது. வெளிப்பக்கம் திறக்கும்படி அதை மாட்டியவனும் நான்தான்.

ஓடிப்போய் மெயின் சுவிட்சையே இறக்கிவிட்டேன். சமையலறையில் கிரைண்டர் நின்றது, மாடியில் யாருக்கோ குளியலறையில் வெந்நீர் நின்றது, மேடத்தின் கணினி நின்றது. மச்சான் இதற்குள் புத்தகத்தைப் புரட்டியிருந்தார். ஆங்கிலம் அவருக்கு அவ்வளவாக வராது, ஆனால் ட்ரையர் புத்தகங்களை வாசித்தே பழகியவர். முதல் தடவை கம்பியில் பூசிய எண்ணெய் எரிந்து மணக்கும், ஆட்களை உள்ளே விடாமல், அறையை நன்றாகக் காற்றாட விட்டுச் சூடேற்று என்று போட்டிருக்கிறது என்றார். காற்றாட என்ற சொல்லை அவர் கொஞ்சம் நிறுத்திச் சொன்னது போலிருந்தது. எனக்கு அப்போது அதைக் கேட்கிற நிலைமை இல்லை.

கதவைத் திறந்து வைத்து மறுபடி சூடேற்றியதும் நாற்றம் போனது. அதன்பின் வேறு பிரச்சினை வந்தது. முப்பது முப்பத்தைந்து நிமிடம் ஓடும், பிறகு ஹீட்டர் தானாக நின்றுவிடும். சூடு எல்லை மீறினால் கரண்டை வெட்டிவிடுகிற பாதுகாப்பு ஒன்று அதற்குள் இருக்கிறது. ஆறியபின் ஒரு பொத்தானை அழுத்தினால் மறுபடி ஓடும். அழுத்தினேன். ஓடியது. நின்றது. வியாழக்கிழமை நான்கு தடவை அழுத்தினேன். ஏன் வெட்டியது என்று கண்டுபிடிக்காமல் அந்தப் பொத்தானை அழுத்தக் கூடாது என்றும் புத்தகத்தில் இருந்ததாம்.

விசித்திரம் என்னவென்றால், ஹீட்டர் சூடு மிஞ்சி நிற்கிறது, ஆனால் அறையோ சரியாகச் சூடேறவில்லை. அடுப்பு கொதிக்கிறது, சோறு வேகவில்லை. எங்கே போகிறது இந்தச் சூடு? சாப்பிடும்போதும் பஸ்ஸிலும் இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வியாழன் சாயங்காலம் மேடம் வந்து என்ன பிரச்சினை என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார். ஆனால் எனக்கு என் வயரிங்கின் மேல் பழி வந்துவிட்டது போல வியர்த்துவிட்டது. சவுனாவுக்குள் வராத வியர்வை. என் வாய் என்னைக் கேட்காமலே பேசியது. "மச்சான் பழைய ட்ரையர் பழக்கத்துல எதையாச்சும் திருகியிருப்பாரு மேடம். அவருக்கு இது புதுசுதானே."

மேடம் தலையாட்டினார். அப்படியென்றால் நாளைக்கு மத்தியானத்துக்குள் சரியாகாவிட்டால் கொழும்புக்குச் சொல்லிவிடுகிறேன் என்றார். திரும்பிப் பார்த்தேன். மச்சான் தண்ணீர் வாளியோடு நடைபாதையில் நின்றிருந்தார். எவ்வளவு கேட்டது என்று தெரியவில்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது மாப்பிள்ளை என்று மட்டும் சொன்னார்.

அன்று வீட்டுக்குப் போய் மனைவியிடம் ஒன்றும் சொல்லவில்லை. வாயிலிருந்து வந்த சொல்லுக்கு ரீசெட் பொத்தான் இல்லை.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் போய் லைனை முழுவதும் சோதித்தேன். இன்சுலேஷன் நன்றாக இருந்தது. மூன்று பேஸும் சமமாக வந்தன. ஒரு ஸ்குரூகூடத் தளரவில்லை. ஏதாவது தப்பாக இருக்கக் கூடாதா என்று ஒரு எலக்ட்ரீசியன் வேண்டிக்கொண்டது அன்றுதான் முதல் தடவையாக இருக்கும். மச்சான் வந்தார். முந்தின நாள் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சுவிட்சைப் போடச் சொன்னார். இருபது நிமிடம் கழித்து உள்ளே போனோம். கல்லின் மேல் அரைக் கரண்டி தண்ணீர் விட்டார். ஆவி எழும்பி அப்படியே நின்றது. அவர் கண்ணை மூடிக்கொண்டு மூக்கை ஒரு பக்கமாகத் திருப்பினார். தொழிற்சாலையில் அந்த முகத்தை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அந்த முகம் வந்தால் யாரும் பேச மாட்டோம்.

"இது வெந்த தூளு மணம்," என்றார். "ஈரம் போக வழியில்ல. புதுக் காத்து வரவும் வழியில்ல."

பிறகு குனிந்து ஹீட்டரைப் பக்கவாட்டில் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். என் அழகான கல்லுக்கட்டின் அடியில் கம்பிகள் செக்கச்செவேலென்று மூச்சுத்திணறிக் கிடந்தன. கீழேயிருந்து காற்று ஏறி, கல்லுக்கு நடுவே புகுந்து, சூட்டைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போக வேண்டும். நான் அதை எறும்புகூட நுழையாமல் கட்டியிருந்தேன். சூடு எங்கே போகிறது என்று கேட்டேனே, அது எங்கேயும் போகவில்லை. உள்ளேயே அடைபட்டிருந்தது.

அணைத்தோம். ஆறும் வரை வெளியே உட்கார்ந்து, புத்தகத்தின் அந்தப் பக்கத்தை இரண்டு பேரும் சேர்ந்து வாசித்தோம். பெரிய கல் அடியில், சின்னது மேலே. தளர்வாக அடுக்கு. கம்பிகளுக்கு நடுவே இறுக்காதே. காற்று வரும் ஓட்டையையும் போகும் ஓட்டையையும் அடைக்காதே. படம்கூடப் போட்டிருந்தார்கள். பாஸ் விட்டுவிட்டுப் போன அதே இரண்டு ஓட்டைகள். அந்த மனிதரை நான் எவ்வளவு திட்டியிருப்பேன்.

"மச்சான், நேத்து மேடத்துக்கிட்ட..." என்று ஆரம்பித்தேன்.

"கல்ல எறக்குங்க மாப்பிள்ள," என்றார்.

இறக்கினேன். பலகைகளைக் கழற்றினேன். மச்சான் கல்லைக் கழுவி, பார்த்தால் ஏனோதானோவென்று தெரிகிற மாதிரி அடுக்கினார். என் கண்ணுக்கு அது இடிந்த சுவர் மாதிரி இருந்தது. சுவிட்சைப் போட்டோம். முப்பத்தைந்து நிமிடம் வந்தபோது நான் வாசல் பக்கம் நகர்ந்துகொண்டேன். நாற்பது, ஐம்பது. டைமர் தானாக அணைக்கும் வரை ஓடியது. சுவரிலிருந்த வெப்பமானி எண்பதில் நின்றது. உள்ளே போய் மேல்படியில் உட்கார்ந்தேன். மச்சான் ஒரு கரண்டி தண்ணீர் விட்டார். சூடு மேலேயிருந்து தோளில் ஒரு போர்வை மாதிரி இறங்கியது. காது மடல் கொதித்தது. வெளியே வந்து, மலையிலிருந்து குழாய் வழியே விழுகிற பீலித் தண்ணீரில் தலையைக் கொடுத்தபோது உடம்பு முழுக்க ஆயிரம் ஊசி. ஒரு கணம் நான் யாருடைய மாப்பிள்ளை என்பதே மறந்துபோனது. வெல்லவாய வெயிலில் இது கிடைக்காது என்று ஒத்துக்கொள்கிறேன்.

சரியாகிவிட்டது என்று மேடத்திடம் சொன்னேன். யார் தப்பு என்று சொல்லவில்லை. சொல்லத்தான் போனேன். கொழும்புக்குச் சொல்லவில்லை, நாளைக்கு உங்கள் மச்சான் எப்படிச் செய்கிறார் என்று பார்த்துவிட்டு முடிவு பண்ணுகிறேன் என்று அவர் சொன்னதும், நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று தைரியசாலி திரும்பி வந்துவிட்டான்.

சனிக்கிழமை காலை நல்ல தூறல். நான் தொப்பலாக நனைந்து வந்து, வயரையெல்லாம் கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன். பதினொரு மணிக்கு விருந்தாளிகள் இருவர் துண்டோடு வந்து நின்றார்கள். மேடமும் வந்தார். மச்சான் சுவிட்சுப் பெட்டியின் பக்கமே போகவில்லை. முதலில் கதவைத் திறந்து உள்ளே போனார். படிகளைக் கையால் தடவினார். ஓட்டைகள் இரண்டையும் குனிந்து பார்த்தார். பிறகு ஹீட்டரின் மேல் கையை நீட்டி எதையோ தூக்கினார்.

ஒரு நனைந்த கம்பளித் தொப்பி. மழை நாளில் எதையும் காயப்போட இடமில்லாத ஊர் இது. வருகிற வழியில் நனைந்ததை, கொஞ்ச நேரத்தில் சூடேறுகிற கல்தானே என்று அதன்மேல் வைத்துவிட்டுப் போனவன் நான். அப்படியே சுவிட்சைப் போட்டிருந்தால் இன்று அந்த அறையும் இருக்காது, பங்களாவும் இருக்காது. ஹீட்டர் மேல் எதையும் வைக்காதே என்று புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது. அந்தப் பக்கத்தை நான் வாசித்துமிருந்தேன்.

யாருடையது இது என்று மேடம் கேட்டார்.

மச்சான் தொப்பியைப் பார்த்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. போன தீபாவளிக்கு அதை எனக்கு வாங்கிக் கொடுத்ததே அவர்தான்.

"காத்துல வந்து விழுந்திருக்கும் மேடம்," என்றார். "இப்பத்தான் இதுக்குக் காத்து வர வழி இருக்கே."

அவர் அதை அவ்வளவு சாதாரணமாகச் சொன்னதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது. வியாழக்கிழமை நடைபாதையில் அவர் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார் என்று அப்போது எனக்குத் தெரிந்தது. தொப்பி என்னுடையது என்றேன். அதோடு நிற்க முடியவில்லை. ஓட்டைகளை அடைத்தது நான், கல்லைச் சுவர் மாதிரி கட்டியது நான், பொத்தானை நான்கு தடவை அழுத்தியது நான், மச்சான் எதையும் திருகவில்லை, கண்டுபிடித்ததே அவர்தான், ஓடைக் கல்லை வெடிக்கவைத்ததும் நான்தான் என்று, கேட்காததையும் சேர்த்து ஒரே மூச்சில் சொன்னேன். பூச்சாடியின் விரிசல் அப்போதுதான் மேடத்துக்குத் தெரியவந்தது.

விருந்தாளிகளுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் இருவரும் ஆர்வமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

மேடம் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சுவிட்சுப் பெட்டியின் சாவியைத் தன் கொத்திலிருந்து கழற்றி மச்சான் கையில் வைத்தார். "இனி இது ஒங்க பொறுப்புண்ணே. ஒங்களக் கேக்காம யாரும் உள்ள போகக் கூடாது. இவரும்தான்."

மச்சான் சாவியைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினார். டைமரைத் திருப்பினார். கல் சூடேறும் வரை விருந்தாளிகளை நாற்காலியில் உட்காரச் சொல்லி ஆளுக்கொரு கிளாஸ் தண்ணீர் கொடுத்தார். யாருக்காவது பிரஷர் இருக்கிறதா, குடித்திருக்கிறீர்களா என்று தன் ஆங்கிலத்தில் விசாரித்தார். என் தொப்பியை, ஹீட்டரிலிருந்து நன்றாகத் தள்ளி, வெளியே நடைபாதைக் கொடியில் மாட்டினார்.

அது காய மூன்று நாள் ஆனது. இப்போது மாதம் ஒருமுறை வயரைப் பார்க்கப் போகிறேன். மச்சான் வாசலில் கையை நீட்டிக்கொண்டு நிற்பார். தொப்பியைக் கழற்றிக் கொடுத்தபிறகுதான் உள்ளே விடுகிறார்.